பிரதி எங்கே இருக்கிறது? பேரிடருக்குப் பின் நிறுவனங்கள் மீளும் வழி

தீ, வெள்ளம், நிலநடுக்கம், கணினித் தாக்குதல் என எது நேர்ந்தாலும் தமது பணிகள் முற்றாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக உலகெங்கும் நிறுவனங்கள் முன்கூட்டியே திட்டமிடுகின்றன. ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் நிகழ்ந்த பெரும் பேரிடர்களைத் திரும்பிப் பார்த்தால், திட்டம் ஒன்று இருந்ததா என்பதைக் காட்டிலும் முக்கியமான ஒரு கேள்வி எழுகிறது. ஆபத்துக் காலத்தில் கைகொடுக்க வேண்டிய மாற்று ஏற்பாடும் அதே ஆபத்தின் வாயில் இருந்ததா என்பதே அது.

கானாவில் ஒரு மின்வெட்டு

2017 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் தேதி, டென்மார்க் தலைநகர் கோப்பன்ஹேகனில் உள்ள மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. யுக்ரெய்னில் வரிக் கணக்குக்காகப் பயன்படுத்தப்பட்டு வந்த ஒரு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற அழிவு நிரல், சில மணி நேரத்தில் மேர்ஸ்கின் உலகளாவிய வலையமைப்பை முடக்கியது. இந்தத் தாக்குதலின் பின்னணியில் ரஷ்ய ராணுவம் இருந்ததாக அமெரிக்காவும் பிரிட்டனும் 2018 இல் குற்றஞ்சாட்டின. ரஷ்யா அதனை மறுத்தது.

உலகக் கப்பல் சரக்குப் போக்குவரத்தில் கணிசமான பகுதியைக் கையாளும் நிறுவனம் அது. ராட்டர்டாம், லாஸ் ஏஞ்சலிஸ், மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகம் ஆகியவற்றில் அந்தக் குழுமம் நடத்தி வந்த முனையங்கள் பாதிக்கப்பட்டன. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு இருக்கிறது, அது யாருக்குச் சேர வேண்டியது என்பதைச் சொல்லக் கணினி இல்லாததால் சரக்கு லாரிகள் துறைமுக வாயில்களில் வரிசையாக நின்றன.

மேர்ஸ்கிடம் தரவுகளின் பிரதிகள் இருந்தன. ஆனால் எந்த ஊழியர் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் மையப் பதிவேட்டின் பிரதி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பதிவேடு உலகெங்கும் ஏறத்தாழ 150 வழங்கிக் கணினிகளில் இருந்தது. அவை ஒன்றுக்கொன்று பிரதியாக அமைந்திருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே ஏற்பாடு. அத்தனையும் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்று எவரும் கணக்கிட்டிருக்கவில்லை.

பின்னர் வெளிவந்த செய்திகளின்படி, ஆபிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒரு வழங்கி மட்டும் தப்பியிருந்தது. தாக்குதலுக்குச் சற்று முன்னர் அங்கு மின்வெட்டு ஏற்பட்டு, அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததே காரணம். கானாவின் இணைய இணைப்பு மெதுவானதாக இருந்ததால் தரவை இணையம் வழியாக அனுப்ப இயலவில்லை. அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டனுக்கான விசாவும் இல்லை. எனவே, கானா ஊழியர் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கு விமான நிலையத்தில் மற்றொருவரிடம் அந்த வன்தட்டை ஒப்படைக்க, அவர் அதனை லண்டனுக்குக் கொண்டுசென்றார். மீட்புப் பணி நடந்துகொண்டிருந்த மெய்டன்ஹெட் நகருக்கு அது போய்ச் சேர்ந்த பிறகே வலையமைப்பை மீண்டும் கட்டியெழுப்ப வழி பிறந்தது.

சுமார் பத்து நாட்களில் 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் மீண்டும் நிறுவப்பட்டதாக நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜிம் ஹகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் தெரிவித்தார். மொத்த இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என நிறுவனம் மதிப்பிட்டது. உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றை அன்று காப்பாற்றியதில் பெரும்பங்கு, யாரும் திட்டமிடாத ஒரு மின்வெட்டுக்கு உரியது.

இரு வேறு பணிகள்

பேரிடர் குறித்த திட்டமிடலில் இரண்டு சொற்கள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒன்று, தொழில் தொடர்ச்சித் திட்டம். மற்றொன்று, பேரிடர் மீட்பு. பின்னது முன்னதன் ஒரு பகுதி மட்டுமே.

அழிந்துபோன கணினிகளையும் தரவுகளையும் இணைப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பேரிடர் மீட்பு. அவை மீளும் வரையில் வாடிக்கையாளருக்கான சேவையை ஏதேனும் ஒரு வடிவில் நடத்திக்கொண்டிருப்பது தொழில் தொடர்ச்சி.

மேர்ஸ்கின் அனுபவத்திலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். கானாவிலிருந்து வன்தட்டைக் கொண்டுவந்தது மீட்பு. அது வந்துசேரும் வரையில் ஊழியர்கள் தம் சொந்தக் கைத்தொலைபேசி வழியாகவும் தனிப்பட்ட மின்னஞ்சல் வழியாகவும் சரக்குப் பதிவுகளை ஏற்றார்கள். பெட்டிகளில் காகிதத்தை ஒட்டி அடையாளமிட்டார்கள். அது தொடர்ச்சி. அந்தப் பத்து நாட்களில் நிறுவனம் கையாண்ட சரக்கின் அளவு 20 சதவீதம் மட்டுமே குறைந்ததாக ஸ்னாபே கூறினார். எஞ்சிய 80 சதவீதம் பெரும்பாலும் மனிதக் கைகளால் நடந்தது.

எதை முதலில் மீட்பது?

எல்லாவற்றையும் உடனே மீட்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. ஆகவே திட்டமிடலின் முதல் படி, எந்தப் பணி நின்றால் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பாதிப்பு உண்டாகும் என்று கணக்கிடுவதாகும். இது தாக்கப் பகுப்பாய்வு எனப்படுகிறது. அதிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கின்றன.

முதலாவது, மீட்பு நேர இலக்கு. ஒரு சேவை அதிகபட்சம் எவ்வளவு நேரம் நின்றிருக்கலாம் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது, தரவு இழப்பு வரம்பு. எவ்வளவு நேரத்துக்கு உரிய பதிவுகளை இழந்தாலும் சமாளிக்க முடியும் என்பதை அது குறிக்கிறது.

வெளிநாடு ஒன்றில் இயங்கும் பணப் பரிமாற்ற நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் இணையத்தளத்தில் உள்ள விளம்பரப் பக்கம் மூன்று நாட்கள் நின்றாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களின் பதிவேட்டில் ஒரு மணி நேரப் பதிவு அழிந்தாலும், யார் கட்டிய பணம் யாருக்குப் போகவேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். முன்னதற்கு வாரம் ஒரு பிரதி போதும். பின்னதற்கு ஒவ்வொரு பரிவர்த்தனையும் உடனுக்குடன் வேறோர் இடத்திலும் பதிவாக வேண்டும்.

இந்த எண்கள் சிறிதாகச் சிறிதாகச் செலவு பெருகும். ஒரு நாள் தாமதத்தை ஏற்பவருக்கு ஒரு வன்தட்டு போதும். ஒரு நிமிடத் தாமதத்தையும் ஏற்காதவருக்கு மற்றோர் ஊரில் இன்னொரு கணினி மையமே தேவைப்படும். எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கணினிப் பிரிவின் தலையில் மட்டும் சுமத்திவிடுவதே பல நிறுவனங்கள் செய்யும் முதல் தவறாக இருக்கிறது.

கணினி அறையிலிருந்து நாட்டின் சட்டம் வரை

இத்துறை பெருங்கணினிகளின் காலத்தில் தோன்றியது. வங்கிகளின் கணக்குகள் ஒரே அறையில் உள்ள ஒரே இயந்திரத்துக்குள் சென்றபோது, அந்த அறை தீப்பற்றினால் என்ன ஆகும் என்ற அச்சம் எழுந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பல நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி ஆபத்துக் காலத்தில் பயன்படுத்தக்கூடிய ஆயத்தக் கணினி மையம் தொடங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகக் கணிக்கும் என்ற அச்சம் உலகெங்கும் நிறுவனங்களைத் தமது கணினிகளைப் பட்டியலிட வைத்தது.

2001 செப்டம்பர் 11 ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த தாக்குதல் இத்துறையின் திருப்புமுனை. கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பத்திர வணிக நிறுவனம் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் இருந்த தனது 658 ஊழியர்களை இழந்தது. ஆயினும் நியூஜெர்சியில் இருந்த அதன் மாற்றுக் கணினி மையமும் லண்டன் அலுவலகமும் தப்பியதால், இரண்டு நாட்களில் பத்திரச் சந்தை மீண்டும் திறந்தபோது அதன் மின்னணு வணிகத் தளம் இயங்கியது.

அதே நாளில் வேறோர் உண்மையும் புலப்பட்டது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து தொலைபேசி இணைப்புகளை வாங்கி, தாம் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிய சில நிறுவனங்களின் இரு இணைப்புகளும் ஒரே தொலைபேசி நிலையக் கட்டடத்தின் ஊடாகவே சென்றிருந்தன. அந்தக் கட்டடம் சேதமடைந்தபோது இரண்டும் அறுந்தன. தாளில் இரண்டாக இருந்தவை நிலத்தில் ஒன்றாகவே இருந்தன.

இதைத் தொடர்ந்து 2003 இல் அமெரிக்க மத்திய வங்கியும் ஏனைய கட்டுப்பாட்டு அமைப்புகளும், நிதிச் சந்தையின் உயிர்நாடியான தீர்வு நிறுவனங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் மீளும் இலக்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், மாற்று மையம் முதன்மை மையம் நம்பியிருக்கும் மின்சாரம், நீர், போக்குவரத்து, ஊழியர் ஆகியவற்றையே நம்பியிருக்கக் கூடாது என்றும் வலியுறுத்தின. 2012 இல் ஐஎஸ்ஓ 22301 என்ற சர்வதேசத் தரநிலை வெளியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிதி நிறுவனங்களின் கணினித் தாங்குதிறன் குறித்த தனிச் சட்டம் 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

ஒரே கூரையின் கீழ்

சட்டங்களும் தரநிலைகளும் இருந்தும் பழைய தவறு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, அந்நகரின் லாங்கோன் மருத்துவமனையில் அவசர மின்னாக்கிகள் உயரத்தில் இருந்தன. அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் அமைப்போ நிலவறையில் இருந்தது. நிலவறையில் வெள்ளம் புகுந்ததும் உயரத்தில் இருந்த மின்னாக்கிகளும் நின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஊழியர்கள் இருண்ட படிக்கட்டுகள் வழியாகச் சுமந்து இறக்கினார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங் குழந்தைகளைத் தாதியர் கையில் ஏந்தி, மூச்சுக்காற்றைக் கையால் அழுத்திச் செலுத்தியவாறே இறங்கினார்கள்.

உலகின் மிக முன்னேறிய மின்னாளுகை கொண்ட நாடுகளில் ஒன்றாகக் கருதப்படும் தென்கொரியாவில், 2025 செப்டம்பர் 26 ஆம் தேதி இரவு டேஜோன் நகரில் உள்ள அரசின் தேசியக் கணினி மையத்தில் தீப்பற்றியது. வழங்கிகளுக்கு அருகில் இருந்த லித்தியம் மின்கலங்களைப் பாதுகாப்புக் கருதி இடம் மாற்றும் பணியின்போதே தீ மூண்டது. அடையாளச் சான்று, அஞ்சல் சேவை உட்பட நூற்றுக்கணக்கான அரசு சேவைகள் நின்றன. பாதிக்கப்பட்ட சேவைகளின் எண்ணிக்கை 647 என முதலில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 709 எனத் திருத்தப்பட்டது.

அவற்றில் மிகப் பெரிய இழப்பு, அரசு ஊழியர்கள் தமது பணி ஆவணங்களைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற பொதுச் சேமிப்பகத்துக்கு நேர்ந்தது. 858 டெராபைட் தரவு அதில் இருந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடப் பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. இறுதி ஒப்புதல் பெற்ற ஆவணங்கள் வேறொரு கணினி அமைப்பிலும் பதிவாகியிருந்ததால் தப்பின. பல ஆண்டுகளாகத் திரட்டிய குறிப்புகளும் வரைவுகளும் அவ்வாறு தப்பவில்லை. தனிப்பட்ட கணினிகளில் ஆவணங்களைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் சேமிக்கும்படி சில துறைகளில் ஊழியர்களுக்குப் பணிக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டளையை ஒழுங்காகப் பின்பற்றியவர்களே அதிகம் இழந்தார்கள்.

பிரதி இருந்தும் பயனில்லை

பிரதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2023 அக்டோபர் இறுதியில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் கணினிக் கப்பக்காரர்களின் தாக்குதலுக்கு உள்ளானது. அவர்கள் கேட்ட பணத்தை நூலகம் கொடுக்க மறுத்தது. திருடப்பட்ட சுமார் 600 கிகாபைட் தரவு இணையத்தில் கொட்டப்பட்டது.

நூலகம் 2024 மார்ச்சில் வெளிப்படையாக ஓர் அறிக்கையை வெளியிட்டது. இத்தகைய தாக்குதலுக்கு உள்ளான நிறுவனங்கள் பெரும்பாலும் மௌனம் காப்பதால், இந்த அறிக்கை துறையினரின் பாராட்டைப் பெற்றது. அதில் கூறப்பட்ட முக்கிய உண்மை இது: மின்வடிவச் சேகரங்கள் அனைத்துக்கும் நூலகத்திடம் பத்திரமான பிரதிகள் இருந்தன. ஆனால் அந்தப் பிரதிகளை மீண்டும் ஏற்றுவதற்குரிய கணினிக் கட்டமைப்பு எஞ்சியிருக்கவில்லை. தாக்கியவர்கள் வழங்கிகளை அழித்துவிட்டார்கள். பழைய மென்பொருட்கள் பலவற்றை மீண்டும் நிறுவவும் வழியில்லை. அவற்றைத் தயாரித்தவர்களின் ஆதரவு எப்போதோ முடிந்திருந்தது. நூற்பட்டியல் 2024 ஜனவரி நடுப்பகுதியில்தான், அதுவும் தேடிப் பார்ப்பதற்கு மட்டும் உரிய வடிவில், திரும்பியது.

அமெரிக்காவின் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 ஆம் தேதி நேர்ந்தது இதைவிட எளிமையானது. பொறியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பிரதி எடுக்க ஐந்து வழிமுறைகள் இருந்தன. அவசரத்தில் தேடியபோது அவற்றில் ஒன்றும் நம்பத்தக்க வகையில் இயங்கவில்லை என்பது தெரியவந்தது. அதே பொறியாளர் வேறொரு காரணத்துக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னர் எடுத்திருந்த ஒரு பிரதியே நிறுவனத்தைக் காப்பாற்றியது. மேர்ஸ்கைப் போலவே இங்கும் கைகொடுத்தது தற்செயல்.

இவ்விரு நிகழ்வுகளிலிருந்தும் துறையினர் பெறும் பாடம் ஒன்றே. மீட்டுப் பார்க்கப்படாத பிரதியைப் பிரதி என்று எண்ணக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெறுமையான ஒரு கணினியில் பழைய பிரதியை ஏற்றி, அது உயிர்பெறுகிறதா என்றும் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மனிதர்கள் வராத நாள்

கட்டடமும் கணினியும் நன்றாக இருக்க, மனிதர்கள் வர இயலாமற் போவதும் ஒரு பேரிடரே. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, தி ஹிந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 ஆம் தேதி அச்சாகவில்லை. 1878 இல் தொடங்கிய அந்த இதழின் வரலாற்றில் அதுவரை அப்படி நிகழ்ந்ததில்லை. செய்தியும் இருந்தது, அச்சகமும் இருந்தது. நகருக்கு வெளியே மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்களால் போய்ச்சேர முடியவில்லை.

2020 மார்ச்சில் வந்த கொரோனா பெருந்தொற்று, பல நிறுவனங்களின் திட்டங்களைத் தலைகீழாக்கியது. அலுவலகம் அழிந்தால் மாற்று அலுவலகத்துக்குப் போவது என்றே பெரும்பாலான திட்டங்கள் எழுதப்பட்டிருந்தன. இரு அலுவலகங்களும் அப்படியே இருக்க, எங்கும் எவரும் போகக் கூடாத நிலையை அவை எதிர்பார்த்திருக்கவில்லை.

மனிதர்களைப் பொறுத்தவரை ஆவணத்தைவிடப் பயிற்சியே கைகொடுக்கிறது என்பதற்கு மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் அனுபவம் சான்றாகக் காட்டப்படுகிறது. உலக வர்த்தக மையத்தில் 1993 இல் குண்டு வெடித்த பின்னர், அந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா, அடிக்கடி ஊழியர்கள் அனைவரையும் படிக்கட்டு வழியாக இறங்கிப் பயிற்சி பெற வைத்தார். வேலை நேரம் வீணாவதாக முணுமுணுப்பு எழுந்தது. 2001 இல் வடக்குக் கோபுரம் தாக்கப்பட்டவுடன், தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்கள் தமது இடத்திலேயே இருக்கலாம் என்ற அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் அவர் தம் ஊழியர்களை வெளியேற்றத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் சுமார் 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் உயிர் தப்பினர். எஞ்சியவர்களைத் தேடி மீண்டும் மேலே ஏறிய ரெஸ்கோர்லா திரும்பவில்லை.

பிறர் வீட்டுத் தீ

ஒரு நிறுவனம் தன் வீட்டைக் காத்துக்கொண்டாலும், அது நம்பியிருக்கும் மற்றொன்று எரியலாம். 2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலையில் மின்னலால் மூண்ட தீ, சில நிமிடங்களில் அணைக்கப்பட்டது. ஆனால் புகையும் தூசியும் உற்பத்தியை வாரக்கணக்கில் நிறுத்தின. அங்கிருந்து சில்லு வாங்கிய நோக்கியா உடனே வேறிடங்களில் ஏற்பாடு செய்துகொண்டது. மாற்று விற்பனையாளரை வைத்திருக்காத எரிக்சன், சுமார் 40 கோடி டாலர் இழப்பைச் சந்தித்தது.

2024 ஜூலை 19 ஆம் தேதி நேர்ந்தது இன்னும் விந்தையானது. கணினிகளைத் தாக்குதலிலிருந்து காப்பதற்கான கிரவுட்ஸ்டிரைக் மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்று, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்களில் பயணச் சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. எல்லோரும் ஒரே காவலரை அமர்த்தியிருந்தால், அந்தக் காவலர் மயங்கும்போது எல்லா வீடுகளும் ஒன்றாகத் திறந்துகிடக்கும் என்பதை அந்த நாள் உணர்த்தியது.

சிறு நிறுவனங்கள் செய்யக்கூடியவை

இவையெல்லாம் பெரும் நிறுவனங்களின் கதைகள். டொராண்டோவில் ஒரு மளிகைக் கடைக்கோ, லண்டனில் ஒரு கணக்காளர் அலுவலகத்துக்கோ, சிட்னியில் வார இறுதியில் தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கோ மற்றொரு நகரில் கணினி மையம் அமைக்க இயலாது. ஆனால் அடிப்படை நெறி அவர்களுக்கும் ஒன்றே. அதனைப் பின்பற்ற ஆகும் செலவும் பெரிதல்ல.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2000களில் பரப்பிய ஒரு விதி இன்று எங்கும் எடுத்தாளப்படுகிறது. எந்தத் தரவுக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கணினிக் கப்பம் பெருகிய பிறகு, ஒரு பிரதியேனும் இணையத்துடன் இணைக்கப்படாமல் தனித்திருக்க வேண்டும் என்ற விதியும் இதனுடன் சேர்ந்துள்ளது. கானாவின் மின்வெட்டு தற்செயலாகச் செய்ததை, ஒரு வன்தட்டைக் கழற்றி உறவினர் வீட்டில் வைப்பதன் மூலம் எவரும் திட்டமிட்டே செய்யலாம்.

அடுத்ததாக, திறவுச் சொற்கள். பல சங்கங்களிலும் சிறு நிறுவனங்களிலும் வங்கிக் கணக்கு, இணையத்தள முகவரி, உறுப்பினர் பட்டியல் ஆகியவை ஒரே நபரின் கணினியிலும் ஒரே நபரின் நினைவிலும் இருக்கின்றன. அவர் நோயுற்றால் அல்லது விலகிச் சென்றால், அமைப்பு தன் சொந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் நிற்கும். அவற்றை இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தொலைபேசி எண்களின் பட்டியல் காகிதத்தில் இருக்க வேண்டும். ஊழியர், காப்புறுதி நிறுவனம், சரக்கு வழங்குவோர், கட்டட உரிமையாளர் ஆகியோரின் எண்கள் கணினிக்குள் மட்டும் இருந்தால், கணினி நின்ற அன்று அவை கிடைக்கமாட்டா. காப்புறுதி குறித்தும் ஒரு தெளிவு தேவை. அது எரிந்த பொருளுக்குப் பணம் தரும்; எரிந்த கணக்கேட்டையும், அந்த வாரத்தில் வேறு கடைக்குப் போய்விட்ட வாடிக்கையாளரையும் திருப்பித் தராது.

பணத்தால் மீளாதவை

மேர்ஸ்க் பணமிழந்தது, மீண்டது. சில இழப்புகள் எந்தக் காப்புறுதியாலும் மீளாதவை. 1981 மே மாத இறுதி நாளின் இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. அச்சிட்ட நூல்களில் பலவற்றின் வேறு பிரதிகளைத் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் அன்றோடு போயின. எரித்தவர்களின் பொறுப்பு எரித்தவர்களுடையது. ஆனால் இனி எஞ்சியிருப்பவற்றை எப்படிக் காப்பது என்ற கேள்வி, ஆவணங்களைப் பேணும் ஒவ்வோர் அமைப்பின் முன்னும் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குச் சில விடைகள் கிடைத்திருக்கின்றன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாகப் பரப்பியது. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் ஆவணப்படுத்தி வருகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டம், மூலச் சுவடிகளை அவை இருக்கும் நாட்டிலிருந்து அகற்றாமல், மின்பிரதியின் ஒரு படியை அந்த நாட்டிலும் மற்றொன்றை லண்டனிலும் வைக்கும் நெறியைக் கொண்டது. 2023 இல் லண்டன் இணையத்தளம் இருண்டபோது, அந்த நெறியின் பொருள் விளங்கியது. உலகின் பெரிய நூலகமும் ஒரே இடம்தான்.

பிரதிகளைப் பல ஊர்களில் வைக்கும் இந்த வழக்கம் தமிழுக்குப் புதிதுமல்ல. ஓலை நெடுங்காலம் நிலைக்காது என்பதை அறிந்தவர்கள், தலைமுறைதோறும் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு ஊர்களிலிருந்து தேடிப் பெற்ற சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார். ஓர் ஊரில் செல்லரித்துப்போன இடத்தை இன்னோர் ஊரின் ஏடு நிரப்பியது. அந்தப் படிகளை எழுதி வைத்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. அவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள் என்பதே அந்நூல்களைக் காத்தது.